ஐப்பசி மழைக்கு முன் குஞ்சுகளை மாடிக்குப் பழக்குவது எப்படி?

கேள்வி: கொருக்குப்பேட்டையில் சொந்த வீடு, மேலே மொட்டை மாடி. செப்டம்பர் தொடக்கத்தில் குஞ்சு பொரிப்பகத்திலிருந்து 20 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வாங்கினேன். இன்றைக்கு 24 நாள். இதுவரை ஹாலில், டிவி வந்த அட்டைப் பெட்டியில் 60 வாட் குண்டு பல்பு போட்டு வளர்த்தேன். நாற்றம் தாங்காமல் முந்தாநாள் காலை 11 மணிக்கு மாடியில் தகர ஷீட் போட்ட கூண்டுக்கு மாற்றினேன். சாயங்காலம் நாலரைக்கு இடியோடு மழை. நான் மேலே ஓடுவதற்குள் எல்லாம் நனைந்துவிட்டன. ராத்திரியே இரண்டு செத்துவிட்டன. ஒன்று சிறகைத் தொங்கப்போட்டு நிற்கிறது, நாலைந்து தண்ணியாகக் கழிகின்றன. பக்கத்து வீட்டு அக்கா, ஆன்டிபயாடிக் பவுடர் கலந்து கொடு என்கிறார். அவர் வீட்டு அடைக்கோழியோ பொரித்த மூன்றாம் நாளே குஞ்சுகளோடு சந்தில் திரிகிறது, ஒன்றும் ஆகவில்லை. என் குஞ்சுகளை எப்போதுதான் வெளியே விடலாம்? மழைக்காலம் முடியும்வரை ஹாலில் வைத்திருக்க முடியாது.

— வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: முதலில் மீதமிருக்கும் 18 குஞ்சுகளைக் கவனிப்போம். இன்றே அவற்றைக் கீழே கொண்டுவாருங்கள். பழைய அட்டைப் பெட்டி வேண்டாம். இந்த வயதில் ஒரு குஞ்சுக்கு அரை சதுர அடி இடம் தேவை, அந்தப் பெட்டியில் அது இருக்காது. அடியும் ஊறிப்போயிருக்கும். ஹாலிலோ படிக்கட்டுத் திருப்பத்திலோ 3 அடிக்கு 3 அடி இடத்தைப் பலகையால் அல்லது கெட்டி அட்டையால் ஒன்றரை அடி உயரத்துக்கு வளைத்துக்கட்டுங்கள். மூலைகள் கூராக இருக்கக் கூடாது, வளைவாக விடுங்கள். பயந்த குஞ்சுகள் மூலையில்தான் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். தரையில் நெல் உமியோ தச்சுப்பட்டறை இழைப்புச் சுருளோ இரண்டு அங்குலத்துக்குப் பரப்பினால் போதும். பொடி மரத்தூள் வேண்டாம். அதைத் தீனி என்று நினைத்துக் கொத்தித் தின்னும், கண்ணிலும் விழும்.

சிறகு தொங்கிய குஞ்சைத் தனிக் கூடையில் வையுங்கள். நனைந்த இடம் இன்னும் இருந்தால் துணியால் ஒற்றி எடுத்து, கூடையின் ஒரு பக்கம் மட்டும் பல்பு வெப்பம் படும்படி, குஞ்சின் முதுகு உயரத்தில் 32 டிகிரி அளவுக்கு வைத்தால் சரி. மறு பக்கம் குளிர்ச்சியாக இருக்கட்டும், தேவைப்பட்டால் அதுவே விலகிக்கொள்ளும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஒரு லிட்டர் ஓஆர்எஸ் பாக்கெட்டை இரண்டு லிட்டர் ஆறிய நீரில் கரைத்து, அலகின் நுனியை மட்டும் தொட்டு நனையுங்கள். கழுத்து துவண்டிருக்கும் குஞ்சுக்கு ஊசிக் குழாயால் வாயில் ஊற்றினால் நீர் மூச்சுக்குழாயில் போய், மழையில் தப்பியது உங்கள் கையில் சாகும். மற்ற 17 குஞ்சுகளுக்கும் இதே நீரை ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் வையுங்கள். அதற்கு மேல் வெறும் நீர்தான்.

பக்கத்து வீட்டு அக்காவின் ஆன்டிபயாடிக் இப்போதைக்கு வேண்டாம். நனைந்து பயந்த குஞ்சு ஓரிரு நாள் தண்ணீராகக் கழிவது இயல்பு, தானே நிற்கும். எச்சத்தை மட்டும் தினமும் காலையில் பாருங்கள். வெள்ளைத்தாள் ஒன்றை இரவில் விரித்து வைத்தால் நிறம் தெளிவாகத் தெரியும். அதில் ரத்தமோ காபித்தூள் நிறத்தில் சளியோ இருந்தால் அது ரத்தக் கழிச்சல். அதன் கிருமி வயிற்றுக்குள் போய் ரத்தம் தெரிவதற்கு ஐந்து முதல் ஏழு நாள் பிடிக்கும். ஆகவே இந்த வாரம் ரத்தம் தெரிந்தால் மாடியைக் குற்றம் சொல்ல வேண்டாம், ஹாலில் ஊறிக்கிடந்த அந்தப் பெட்டியில் பிடித்த நோய் அது. அதற்கு மருந்து ஆன்டிபயாடிக் அல்ல, ஆம்ப்ரோலியம். 20 சதவீதத் தூள் என்றால் லிட்டருக்கு 1.2 கிராம் வீதம் ஐந்து நாள், பிறகு 0.6 கிராம் வீதம் இன்னும் ஒரு வாரம். வேறு தண்ணீர் வைக்கக் கூடாது. அந்த நாட்களில் பி வைட்டமின் டானிக் கொடுக்காதீர்கள். ஆம்ப்ரோலியம் வேலை செய்வதே தயமின் என்கிற பி1 வைட்டமினை அந்தக் கிருமிக்குக் கிடைக்காமல் தடுத்துத்தான். டானிக்கை ஊற்றினால் மருந்தின் கையைக் கட்டிப்போட்டது ஆகும்.

இனி, அன்றைக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம். அது தெரியாவிட்டால் அடுத்த முறையும் இதேதான் நடக்கும்.

குஞ்சுக்குத் தேவையான வெப்பம் முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ். பிறகு வாரத்துக்குச் சுமார் 3 டிகிரி குறையும்: 32, 29, 26, ஐந்தாம் வாரம் 23. இப்போது நம் ஊர்க் கணக்கைப் பாருங்கள். செப்டம்பர் கடைசியில் சென்னை இரவில் 25 டிகிரியை ஒட்டித்தான் இறங்குகிறது. ஹால் இரவிலும் 29, 30 இருக்கும். நான்காம் வாரத்தில் இருக்கும் உங்கள் குஞ்சுகளுக்கு அது போதும், சொல்லப்போனால் அதிகம். அந்த அறையில், அட்டைப் பெட்டிக்குள், 60 வாட் பல்பு இரவு பகலாக எரிந்தால் உள்ளே 36-ஐத் தாண்டுவது சாதாரணம். சமவெளியில் இருந்துகொண்டு மலையூர்க்காரர்களுக்கான அட்டவணையைப் பின்பற்றினால் இப்படித்தான் ஆகும். அதிக வெப்பத்தில் வளரும் குஞ்சுக்கு இறகு மெதுவாக முளைக்கும், ஒன்றையொன்று கொத்தும் பழக்கமும் வரும்.

அங்கிருந்து நேராக 11 மணி வெயிலில் தகரத்துக்கு அடியில் போய்விட்டன. வெறும் தகரத்தின் கீழே வெளிக்காற்றைவிடக் கூடுதலாகக் கொதிக்கும், சிமென்ட் தளமும் அடியிலிருந்து சுடும். ஐந்து மணி நேரம் மூச்சிரைத்து உடலின் நீரை இழந்த குஞ்சுகள் மேல் மழையும் காற்றும் ஒன்றாக விழுந்தன. இந்த வயதில் உடம்பில் பாதி பஞ்சுபோன்ற குஞ்சு மயிர், பாதி இளம் இறகு. பெரிய கோழி வால் அடியிலுள்ள எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து அலகால் எடுத்து இறகெல்லாம் தடவிக்கொள்வதால் மழை வழிந்து ஓடும். குஞ்சு மயிர் நீரை உறிஞ்சித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய ஈரத்தின் மேல் காற்று அடித்தால், 28 டிகிரியில்கூடக் குஞ்சு விறைத்துவிடும். அப்புறம் வெப்பம் தேடி எல்லாம் ஒரு மூலையில் குவியும், அடியில் சிக்கியது நசுங்கும். ராத்திரி செத்த இரண்டும் தட்டையாக, கால் நீட்டிக் கிடந்திருந்தால் குளிரைவிட நெரிசல்தான் காரணமாக இருக்கும்.

வடசென்னையில் குஞ்சுக்கு எமன் குளிர் இல்லை. ஈரமும், ஈரத்தின் மேல் அடிக்கும் காற்றும், ஒரே நாளில் திணிக்கிற மாற்றமும்தான்.

பக்கத்து வீட்டு அடைக்கோழியின் குஞ்சுகள் மூன்றாம் நாளே தெருவில் திரிவதற்கும் இதில் விடை இருக்கிறது. அவை வெளியே இருப்பதாகத்தான் நமக்குத் தெரிகிறது. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தாயின் இறக்கைக்குள் போய், 40 டிகிரிக்கு மேல் இருக்கிற அவள் உடம்பில் ஒட்டிச் சூடேறிவிட்டு வருவதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. முதல் தூறலிலேயே அவள் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்வாள். உங்கள் குஞ்சுகளுக்கு அந்தக் குரல் கிடையாது, மழையில் நின்ற இடத்திலேயே நிற்கும். அந்தக் கோழியிடமே இவற்றையும் விடலாமா என்று தோன்றும். வேண்டாம். பொரித்த ஓரிரு நாளுக்குள் இரவில் நைசாக அடியில் வைத்தால் ஏற்றுக்கொள்வாள். மூன்று வாரம் தாண்டிய அந்நியக் குஞ்சைக் கொத்தியே கொன்றுவிடுவாள்.

சரி, எப்போது வெளியே விடுவது? நாள்கணக்கை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, குஞ்சையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். முதுகு, தோள், நெஞ்சு, இறக்கைக்கு அடிப்பக்கம் என்று நான்கு இடத்தை விரலால் கோதிப் பாருங்கள். இறக்கையும் முதுகும் முதலில் மூடும், நெஞ்சும் இறக்கைக்கு அடியும் கடைசியில்தான் மூடும். அங்கே இன்னும் வெறும் தோலோ பஞ்சு மயிரோ இருந்தால் அந்தக் குஞ்சு இரவில் வெளியே தங்கத் தயாராகவில்லை. பெரும்பாலும் சேவல் குஞ்சுகள் பின்தங்கும், அதைப் பார்த்து நோய் என்று பயப்பட வேண்டாம். பின்தங்கியவற்றுக்காக மொத்தக் கூட்டமும் காத்திருக்க வேண்டும். பிரித்தால் மறுபடி சேர்க்கும்போது சண்டை வரும்.

இறகு தாமதமானால் முதலில் தீனியைச் சந்தேகியுங்கள். இறகு முழுக்கப் புரதம். நொய்யும் மீந்த சோறும் மட்டும் போட்டால் வயிறு நிறையும், இறகு வராது. எட்டு வாரம்வரை 20 சதவீதப் புரதம் உள்ள குஞ்சுத் தீவனம்தான் அடிப்படை. 18 குஞ்சுக்கு இப்போது நாளுக்கு அரை கிலோவை ஒட்டிச் செலவாகும், தண்ணீர் ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கும். காசிமேட்டுப் பக்கம் இருப்பதால் மலிவாகப் பொடிமீன் கிடைக்கும். தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் உப்பில்லாமல் வேகவைத்து, முள்ளோடு நசுக்கி, பத்துப் பங்கு தீவனத்துக்கு ஒரு பங்குக்கு மேல் போகாமல். கருவாட்டுத் துண்டும் கருவாட்டுப் பொடியும் குஞ்சுக்கு விஷம் போல. அதிலுள்ள உப்பு அளவு மீறினால் தாகம், நீர்க்கழிச்சல், தள்ளாட்டம், சாவு என்று வரிசையாகப் போகும். வீட்டு மீன்குழம்புச் சட்டியை வழித்துப் போடுவதும் இதே கணக்குதான்.

இப்போது பழக்கும் முறை. முதல் நான்கு நாள் தேற விடுங்கள், வேறு எதுவும் செய்ய வேண்டாம். 28-ம் நாள் அளவில் எல்லாம் ஓடியாடித் தின்னும்போது பல்பிலிருந்து தொடங்குங்கள். பகலில் பல்பை அணைத்துவிடலாம். இரவில் 60 வாட்டுக்குப் பதில் 40 வாட், இரண்டு நாள் கழித்து ஜீரோ வாட் குண்டு பல்பு. எல்இடி வெளிச்சம் மட்டும்தான் தரும், சூடு இருக்காது. ஜீரோ வாட் பல்பு சூட்டுக்காக இல்லை. இதுவரை இருட்டே பார்க்காத குஞ்சுகள் திடீர் இருட்டில் மிரண்டு குவியாமல் இருக்க. இரவு பத்து மணிக்கு ஒருமுறை எட்டிப் பாருங்கள். பரவலாகப் படுத்திருந்தால் சரி. ஒரே கொத்தாக ஒட்டிக்கொண்டு கீச்கீச் என்று கத்தினால் ஒரு நாள் பின்னுக்குப் போங்கள். வாயைத் திறந்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்திருந்தால் இன்னும் சூடு அதிகம்.

இந்தப் பல்பு விஷயத்தில் நான் கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல்பையே நம்பி வளரும் குஞ்சுக்கு முதல் புயல் இரவின் மின்வெட்டே போதும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் எத்தனை தெருக்கள் வெள்ளத்திலும் இருட்டிலும் கிடந்தன என்பது உங்களுக்கே தெரியும். பருவமழை தொடங்கும் முன் பல்பை மறக்க வைப்பதுதான் பாதுகாப்பு. அவசரத்துக்கு வெந்நீர் நிரப்பிய பாட்டிலைச் சாக்கில் சுற்றி நடுவில் வைக்கலாம். கரி அடுப்பு, தணல் சட்டி வேண்டவே வேண்டாம். மூடிய அறையில் அந்தப் புகை குஞ்சை மட்டுமல்ல, உங்களையும் சாய்க்கும்.

பல்பு குறைந்த நாலைந்து நாளில் வெளிக்காற்றைப் பழக்குங்கள். முதலில் மாடி அல்ல, ஜன்னலோரமோ மூடிய வராந்தாவோ போதும். இரண்டு நாள் அதில் சரியாக இருந்தால் மாடிக்கு ஏற்றுங்கள், காலை ஏழு மணிக்கு ஒரு மணி நேரம். அடுத்த நாள் ஒன்றரை, அதற்கடுத்து இரண்டரை மணி நேரம். ஒன்பதரைக்கு மேல் தகரமும் தளமும் சூடாகத் தொடங்கும், அதற்குள் இறக்கிவிடுங்கள். மாலையில் இன்னும் கொண்டுபோகாதீர்கள். செப்டம்பர், அக்டோபரில் நம் ஊரில் இடிமழை பெரும்பாலும் மாலையில்தான் வருகிறது, மேற்கே கருத்தால் அரை மணியில் தலைக்கு மேல் நிற்கும். முந்தாநாள் நீங்கள் மாட்டியதும் அதில்தான். ஒரு வாரம் காலைப் பழக்கம் ஆனபிறகு, கூண்டுக் கூரையைச் சரிசெய்துவிட்டு, பகல் முழுக்க விடலாம். அப்போதும் இரவுக்குக் கீழே.

ஒவ்வொரு நாளும் சாயங்காலம் இருட்டும் முன் நாலைந்து குஞ்சுகளின் இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே நெஞ்சின் வலப்பக்கம் நிறைந்து மெத்தென்று இருந்தால் அன்றைய மாற்றம் ஒத்துப்போயிற்று. காலியாக இருந்தால் குஞ்சு பயந்தோ களைத்தோ தின்னாமல் இருந்திருக்கிறது. மறுநாள் நேரத்தைக் கூட்ட வேண்டாம். நெஞ்சு, இறக்கை அடி எல்லாம் மூடி, பல்பு இல்லாமல் நான்கு இரவு வீட்டில் தூங்கிய பிறகு, 42-ம் நாளையொட்டி மாடியிலேயே தங்க வைக்கலாம். உங்கள் கணக்குப்படி அது அக்டோபர் நடுவில் வரும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். ஆக, நாட்கள் சரியாக இருக்கின்றன, ஆனால் மிச்சம் இல்லை. தை, மாசியில் இதே குஞ்சுகளை ஐந்தாம் வாரமே விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருப்பேன். ஐப்பசியில் ஆறு வாரத்துக்குக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

கூண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மழைக்காலத்தில் பாதி வைத்தியம் கூண்டில்தான் இருக்கிறது. எட்டு வாரம்வரை குஞ்சுக்கு ஒரு சதுர அடி, வளர்ந்த பிறகு இரண்டு. 6 அடிக்கு 4 அடி கூண்டு இப்போதைக்குச் சரி, பொங்கலுக்குள் சேவல்களைக் கழித்துவிட்டால் அதிலேயே ஓட்டலாம். தளத்தில் நேரடியாக வைக்கக் கூடாது. செங்கல் அடுக்கியோ இரும்புக் கால் வைத்தோ ஒன்றரை அடி உயர்த்துங்கள். மாடித் தளத்துக்கு மழைநீர்க் குழாயை நோக்கிச் சரிவு இருக்கும், கூண்டு அந்தக் குழாய்க்கு எதிர்ப்பக்கம், மேட்டில் நிற்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தால் எது மேடு என்று தெரிந்துவிடும். குழாய் வாயில் இலையும் இறகும் அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெறும் தகரத்தின் மேல் தென்னங்கீற்றை இரண்டு அடுக்காகப் போட்டுக் கயிற்றால் கட்டினால் பகல் சூடு கணிசமாகக் குறையும், மழைச் சத்தமும் குஞ்சை மிரட்டாது. கூரை நான்கு பக்கமும் இரண்டு அடி வெளியே நீண்டிருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் சாய்ந்து அடிக்கும். அந்த இரண்டு பக்கமும் கீழே ஒன்றரை அடிக்குப் பலகை, அதற்கு மேல் வலை, வலைக்கு வெளியே தார்ப்பாய். தார்ப்பாயை மேலிருந்து தொங்கவிடுவதுதான் பலரும் செய்வது. நான் சொல்வது தலைகீழ்: கீழ்விளிம்பைக் கட்டிவிட்டு, கயிற்றால் மேலே இழுத்து மூடும்படி அமையுங்கள். முழுக்க மூடினாலும் மேலே அரை அடி இடைவெளி நிற்கும். எச்சத்திலிருந்து வரும் அம்மோனியா அந்த வழியாக வெளியேறும், குஞ்சு மேல் நேராகக் காற்றும் படாது. நாலு பக்கமும் காற்றுப் புகாமல் கட்டி, உள்ளே கண் எரிந்து, மூக்கு ஒழுகி, கடைசியில் "மழையால் சளி பிடித்தது" என்று மருந்து தேடுவது அடிக்கடி நடக்கிறது. குனிந்து, முகத்தைக் குஞ்சு உயரத்துக்குக் கொண்டுபோய் ஒரு நிமிடம் மூச்சு விட்டுப் பாருங்கள். உங்கள் கண் கரித்தால் அதற்கும் கரிக்கும். தெற்குப் பக்கம் கடல்காற்றுக்குத் திறந்தே இருக்கட்டும். மேற்கே சாக்குத் திரை போதும், மாலை வெயிலுக்கும் இடிமழைக்கும் இறக்கிக்கொள்ளலாம்.

வலை அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் ஆக இருக்கட்டும். அறுகோணக் கோழிவலை கோழி வெளியே போகாமல் தடுக்கும்; எலி, பெருச்சாளி உள்ளே வராமல் தடுக்காது. துறைமுகத்தை ஒட்டிய பகுதிகளில் காக்கையும் பருந்தும் அதிகம், பகலில் திறந்துவிடும் இடத்துக்கும் மேலே வலை வேண்டும். கடல்காற்றின் உப்பில் மலிவுக் கம்பி சீக்கிரம் துருவேறி இற்றுவிடும், கனமாகத் துத்தநாகம் பூசியதைப் பார்த்து வாங்குங்கள். கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருந்தால் ஐந்தாம் வாரக் குஞ்சு பறந்து அதன்மேல் உட்காரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

புயல் அறிவிப்பு வந்தால் வீரம் காட்ட வேண்டாம், வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். பழகிய குஞ்சு இரண்டு நாள் உள்ளே இருந்தால் பழக்கம் விட்டுப்போகாது. காலிக் கூண்டின் தார்ப்பாயை அவிழ்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் காற்று கூண்டோடு தூக்கும். தீபாவளி இரவும் உள்ளேதான். மாடியில் வெடிச் சத்தத்தில் மிரண்டு குவிந்து சாவது மழையில் சாவதற்குக் குறைந்ததல்ல.

கூண்டுத் தரையில் மழைக்காலத்துக்கு மூன்று அங்குலம் உமி. தினமும் கிளறிவிட்டு, தண்ணீர்ச் சட்டியைச் சுற்றி நனைந்ததை மட்டும் அள்ளிப் புதிது போடுங்கள். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். விட்டதும் உதிர்ந்தால் சரி, கட்டியாக நின்றால் ஈரம் அதிகம். ரத்தக் கழிச்சல் கிருமி எச்சத்தில் வெளிவந்த உடனே நோய் தராது. ஈரமும் வெப்பமும் கிடைத்தால் ஓரிரு நாளில் முதிர்ந்து நோய் தரும் நிலைக்கு வரும். உமி காய்ந்திருந்தால் அது நடப்பது மிகவும் குறையும். ஆம்ப்ரோலியம் வாங்குவதைவிட உமி வாங்குவது லாபம். வாங்கும் குஞ்சுத் தீவனத்தில் ரத்தக் கழிச்சல் தடுப்பு மருந்து ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று மூட்டைச் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உமி காயவே மாட்டேன் என்கிறதா? தண்ணீரைச் சந்தேகியுங்கள். உங்கள் பகுதியில் பல வீட்டுப் போர் தண்ணீர் உவர்ப்பு. உவர்நீர் குடிக்கும் குஞ்சு நிறையக் குடித்து நிறையக் கழியும், நோயே இல்லாமல் தரை சேறாகும். நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும் நீரைக் கோழிக்கும் வைக்காதீர்கள். மெட்ரோ தண்ணீர் நல்லது. தடுப்பு மருந்து கலக்கும் நாளில் மட்டும் ஆகாது, ஏனென்றால் அதிலுள்ள குளோரின் உயிருள்ள தடுப்பு மருந்தைக் கொன்றுவிடும்.

தடுப்பூசி பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. பொரிப்பகத்தில் "ஊசி போட்டாச்சு" என்று சொல்லியிருந்தால் அது பெரும்பாலும் மேரெக்ஸ் எனும் வாத நோய்க்கு முதல் நாள் போடும் ஊசி மட்டும்தான். ராணிக்கெட் எனும் வெள்ளைக் கழிச்சலுக்கு முதல் வாரத்தில் ஒருமுறையும் நான்காம் வாரத்தில் ஒருமுறையும் லசோட்டா சொட்டு மருந்து தர வேண்டும். வெளியே விட்டால் சந்துக் கோழிகளின் நோய் காற்றோடும் காக்கையோடும் வரும். ஆகவே மாடிக்கு ஏற்றும் முன் லசோட்டாவை முடித்துவிடுங்கள். ஆனால் இன்றைக்கு வேண்டாம், நலம் குன்றிய குஞ்சுக்குத் தடுப்பு மருந்து சரியாகப் பிடிக்காது. ஐந்து நாள் தேறிய பிறகு கொடுத்து, அதற்குப் பின் மூன்று நாள் பல்பைக் குறைப்பது தவிர வேறு எந்த மாற்றமும் செய்யாமல், பிறகு மாடிப் பழக்கத்தைத் தொடங்குங்கள். 18 குஞ்சுக்குத் தண்ணீரில் கலப்பதைவிடக் கண்ணில் ஒரு சொட்டு விடுவது நிச்சயம், ஒவ்வொன்றும் முழு அளவு பெறும். குப்பியை ஐஸில் வைத்து வாங்கி வாருங்கள். கரைத்த மருந்தை ஒரு மணி நேரத்துக்குள் முடித்து மீதியைக் கொட்டிவிடுங்கள், நாளைக்கு என்று எடுத்துவைத்தால் அது வெறும் நீர். குஞ்சின் எதிர்ப்பு சக்தியையே அழிக்கும் கம்போரோ நோய்க்கு இரண்டாம் வாரத்தில் போட வேண்டிய தடுப்பு மருந்து விட்டுப்போயிருந்தால், இப்போது போடுவதில் பயன் உண்டா என்பதைக் குஞ்சுகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

மழை தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் கொசு பெருகும், அதோடு கோழி அம்மையும் வரும். கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் கண்டு, பார்வை மறைந்து தின்ன முடியாமல் குஞ்சு மெலியும். ஏழாம் வாரத்தில் இறக்கைச் சவ்வில் குத்தும் அம்மைத் தடுப்பூசியும், அதிலிருந்து பத்து நாள் இடைவெளி விட்டு ராணிக்கெட் ஆர்2பி ஊசியும் போட வேண்டும். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் எந்தக் கிழமை கோழிக்கு ஊசி போடுகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். குப்பியைத் திறந்தால் நூறு கோழிக்காவது வரும் என்பதால், தெருவில் கோழி வைத்திருப்பவர்கள் சேர்ந்து போனால் அவர்களுக்கும் வசதி. பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிடுங்கள், அவர் கோழி ஊசி போடாமல் சந்தில் திரிவது உங்கள் கூண்டுக்கும் ஆபத்து.

இதற்கிடையில் இன்னொரு குஞ்சு இறந்தால் குப்பையில் போடாதீர்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைத்து, அன்றே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ மாதவரத்திலுள்ள கால்நடைப் பல்கலைக்கழகத்துக்கோ எடுத்துச் சென்று பிணப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். ஃப்ரீசரில் உறைய வைத்துவிட்டால் உள்ளுறுப்புகள் குழைந்து, பார்க்க எதுவும் மிஞ்சாது. எத்தனை நாள் வயது, என்ன தீவனம், என்ன தடுப்பு மருந்து எந்தத் தேதியில், எத்தனை நனைந்தன, எத்தனை செத்தன என்பதை ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுங்கள்.